வலைப்பக்கத்தில் நாதஸ்வரம்

ஜாசினிலிருந்து மலாக்கா போகும் பஸ். மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்திருந்த பெண், எனக்கு முன் இருக்கையில், பக்கத்திலிருந்த கோயில் கமிட்டிக்காரரிடம் சொன்னாள்:

“அண்ணே, முதல்ல அந்த நாதஸ்வரத்த நிறுத்துங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது.

“கண்ணு தெரியாதவங்க கேக்கட்டும்னு உங்களுக்காகத்தான்மா கோயில் வெப்சைட்ல போட்டோம்.”

“வெப்சைட்ல இருக்கறத என் போன்தான் எனக்குப் படிச்சுச் சொல்லுது. திறந்த உடனே உங்க நாதஸ்வரம் அந்தக் குரல அமுக்கிடுது. அத நிறுத்துற பட்டன் எங்கன்னுகூட கேக்க முடியல. தேதி மாத்துனது தெரியாம, எங்க உபய பூசைக்கு மாலையோட வந்து பூட்டுன கோயில் கேட் முன்னாடி நின்னேன்.”

“மத்தவங்க யாரும் கம்ப்ளெய்ன் பண்ணலயேமா.”

“நான் எத்தன தடவ போன் போட்டேன்! யாரு எடுத்தா?”

“சரி லா, அடுத்த மீட்டிங்ல பேசுறேன்.”

அவள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நாதஸ்வரமும் தவிலும் பஸ்ஸையே அதிர வைத்தன. டிரைவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் கமிட்டிக்காரரிடம் நிதானமாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு கத்தினார்:

“என்னம்மா சொல்றீங்க? ஒண்ணுமே கேக்கல! முதல்ல அத நிறுத்துங்க!”