அலாரம் இருந்த இடம்

எனக்கு எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பு லைனான ஸ்கெலட்டனில், எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைக்கூட நான் அடித்த ஆணியில்தான் மாட்டுவார்கள். இதைக் குற்றம் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள், சார்.

ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டி இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் லினக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே குளிரூட்டுவது அம்மோனியா, கண்ணை எரித்து மூச்சை அடைக்கும் வாயு. அது கசிந்தால் அலாரத்தை ஒலிக்கவைக்கும் நிரலை, பெங்களூரிலிருந்து வந்த நரேஷ் எழுதினான். எழுதியதை /usr/bin-இல் போட்டுவைத்தான். அது லினக்ஸோடு வரும் நிரல்களின் இடம். நாமாக எழுதியது /usr/local/bin-க்குப் போக வேண்டும். சொன்னேன்.

“எங்க இருந்தா என்ன அங்கிள்? ஓடுதில்ல?” என்றான், மேனேஜர் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவன் லீவில் போன சமயம் நிரலை உரிய இடத்துக்கு மாற்றினேன். கையால் பெயரைத் தட்டினால் ஓடும். நரேஷ் வந்து, கசிந்ததுபோல் ஒரு சோதனை அளவு கொடுத்து அப்படித்தான் ஓட்டிப் பார்த்தான், அலாரம் ஒலித்தது, திருப்தியாகப் போனான். ஆனால் குறித்த நேரத்தில் அதைத் தானாக ஓட்டும் கிரான், புது இடத்தில் தேடாது. நாம் வழி சொல்லித்தர வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லித்தரவில்லை. ஒரு நாள் அலாரம் ஒலிக்காமல், மேனேஜர் முன்னால் அவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அன்று காலை காத்தவராயன் வந்தான். எங்கள் லைன்காரன், உள்ளே புளி மூட்டை அடுக்குபவன்.

“இன்னாண்ணா, மெசினு நல்லா கீதா?”

“நல்லா கீது, போ.”

“நீங்க கீறப்ப எனக்கு இன்னா பயம்” என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

சற்று நேரத்தில் திரையில் அம்மோனியா அளவு ஏறியது. அலாரம் வரவில்லை. நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தேன். என்டரைத் தட்டியிருந்தால் போதும், அவன் வெளியே ஓடிவந்திருப்பான். நரேஷின் நிரல் வேலை செய்தது என்றும் ஆகியிருக்கும்.

விரலை எடுத்துக்கொண்டேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. கண் தெரிந்திருக்காது, அவன் தட்டிய பக்கம் கதவே இல்லை. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நல்ல பையன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அந்தக் கணினியை யாராவது திறந்து பார்க்கட்டும். நிரல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.