அமத்தினாலும் பேசும் விளக்கு

கீழக்கரைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பொறியியல் மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உம்மா லைட்ட அமத்துனாக, துபாயில இருக்க வாப்பா பேச்சு பாதியில நின்னுருச்சுடீ."

"பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சா எந்த உம்மாதான் விடுவாக? எல்ஈடி வெளிச்சத்துல இன்டர்நெட் விடுறேன்னா இப்படித்தான். நாளைக்கு காலேஜ் ப்ராஜெக்ட் ரிவ்யூல என்ன செய்வ?"

"நேத்தே வழி பண்ணிட்டேன். இப்ப சுவிட்சத் தட்டுனா லைட்டு அணையாது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிரும். உம்மா அமத்திட்டுப் போயிட்டாக, வாப்பா பேசிக்கிட்டே இருந்தாக!"

நான் ஓய்வுபெற்ற மின்னணுவியல் பேராசிரியர். முன்பு இதே யோசனையோடு வந்த மாணவனிடம், "விளக்கை அணைத்தால் என்ன செய்வாய்?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்டு, அவன் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது என் தவறு.

"ரிவ்யூல யாராச்சும் லைட்ட அமத்தச் சொன்னா?" என்றாள் தோழி.

"சொல்லட்டும்டீ. அதுக்குத்தான் காத்திருக்கேன்."