தெபித்தேவின் காவடி

கிராண்ட் பேயிலிருந்து போர்ட் லூயி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் இருவர், பாதி எங்கள் தீவின் கிரியோல் மொழியும் பாதி தமிழுமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம வடக்குப் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வந்தா தெபித்தே காவடி எடுப்பார்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்” என்றாள் மூத்தவள்.

தெபித்தே என்றால் எங்கள் பகுதிச் சட்டசபை உறுப்பினர்.

“ஐயோ அக்கா! அவர் மாதா கோயிலுக்குப் போறவராச்சே. அவரைக் கேட்டீங்களா?”

“பெத்த பிள்ளைக்கு வேண்டிக்கிறப்போ அதைக் கேட்டா வேண்டிக்கிறோம்? ஆஸ்பத்திரிதான் வந்திடுச்சே, இனி சாமி சும்மா விடுமா? நேத்து வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டேன்.”

“கோவிச்சுக்கிட்டாரா?”

“சிரிச்சார். பத்து நாள் கவுச்சி தொடக்கூடாது, வெறுங்கால்ல நடக்கணும்னேன். ‘இந்த ஆஸ்பத்திரிக்காக வருஷக்கணக்கா சபையில தொண்டை கிழியக் கத்தினேன், பத்து நாள் என்ன’ங்கிறார்.”

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாவம், சின்னக் காவடியா கட்டிக் கொடுங்க அக்கா” என்றாள் இளையவள்.

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டாத்தானே! ‘பெரிசாவே கட்டுங்க, வடக்கு முழுசுக்கும் சேர்த்துத்தானே தூக்குறேன்’னுட்டார்.”