துண்டுக்கு அடியில்

பொறுமையின் விலை கிலோவுக்கு முப்பது ரூபாய். நான் போட்ட விலை இல்லை டாக்டரம்மா, பெரம்பலூர்ச் சந்தை போட்டது. சின்ன வெங்காயத்தை அறுவடை அன்றே தள்ளிவிட்டவனுக்கு இருபத்தெட்டு கிடைத்தது. வயலோரத்தில் குவித்துப் பட்டறை போட்டு மூடி வைத்துக் காத்திருந்த எனக்கு ஐம்பத்தெட்டு. ஆகவே என்னை அவசரக்காரன் என்று நினைத்துக்கொண்டு கேள்வியைத் தொடங்க வேண்டாம்.

என் மகள் இலக்கியாவின் மனத்தில் இன்னொருத்தி எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று கேட்டீர்கள். மனநல மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதான். சொல்கிறேன்.

என் அப்பா மாட்டுத் தரகர். விலையை வாயால் சொல்ல மாட்டார். கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் எதிராளியின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். எதிராளி ஒன்றை மடக்கினால் ஆயிரம் குறைத்துக் கேட்கிறான் என்று பொருள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இலக்கியா ஐந்து வயதில் இதைக் கற்றுக்கொண்டு என்னிடம் மிட்டாய்க்குப் பேரம் பேசினாள். பரதத்தில் அவளுக்கு முத்திரை சுத்தமாக வந்ததே இதனால்தான் என்பேன். ஹேமலதா டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பங்கு குறைந்துவிடும்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் ஒரு நடனக் குழு. மாதச் சம்பளம், வருடத்தில் பாதி வெளிநாடு. முதல் ஆட்டக்காரியின் இடம் காலி. சிவராத்திரிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் குழுத் தலைவி சொல்லியிருந்தார். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடது பாதம் வீங்கியது.

அரியலூரில் எலும்பு டாக்டர் ஜெயப்பிரகாஷிடம் போனோம். அவள் கட்டுப் போடும் அறையில் இருந்தபோது, அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்புல விரிசல். மூணு மாசம் கால ஊணவே கூடாது."

"ஒரு மாசம்னு வச்சுக்கங்க சார்."

"இது என்ன வெங்காய மண்டியா?" என்று சிரித்துவிட்டார். "ஆறு வாரத்துல வாங்க, இன்னொரு படம் எடுத்துப் பாப்போம்."

நீங்களே சொல்லுங்கள். வாயைத் திறந்தவுடன் பாதிக்கு இறங்கி வருகிறவர் முதலில் சொன்னது நிஜ விலையா? வெளியே வருவதற்குள் நான் மனத்துக்குள் மேலும் குறைத்திருந்தேன்.

"என்னப்பா சொன்னாரு?"

"சுளுக்குதான். நாலு நாள் ரெஸ்ட்டாம்."

"அவ்ளோதானா? உசுரு போவுதுப்பா."

"அவரு எட்டு நாளுன்னாரு. நான்தான் கொறச்சேன்."

சிரித்தாள். என் சாமர்த்தியத்தில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமை.

ஐந்தாம் நாள் ஆடினாள். பயிற்சி முடிந்து வந்ததும் என் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போடுவாள். வலி எவ்வளவு என்று விரல் பிடிப்பாள். நான்கு பிடித்தால் நான் ஒன்றை மடக்குவேன். மூன்றில் முடித்துக்கொள்வோம். வாய்விட்டுச் சொன்னால் அவள் அம்மா ஜெயசித்ரா காதில் விழும், இது வசதி.

இரண்டாம் வாரத்தில்தான் அந்த இன்னொருத்தி வந்தாள். நான்கு விரலைப் பிடித்தபடியே இலக்கியா சொன்னாள், "இது எனக்கில்லப்பா. அவளுக்கு."

"எவளுக்கு?"

"கண்ணாடில ஆடுறவளுக்கு. எனக்கு வலிக்கல. காலு அவளுது."

ஜெயசித்ரா கேட்டுவிட்டாள். "புள்ள பேச்சே சரியில்லங்க. ஆட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம், நிறுத்திப்புடுவோம்."

எனக்குப் பயம் வரவில்லை. இரண்டு பேர் இருந்தால்தானே தரகனுக்கு வேலை.

"அவ என்னதான் கேக்குறா?" என்று இலக்கியாவிடம் கேட்டேன்.

"தூங்கணுமாம்பா."

"ஆடிட்டுத் தூங்கச் சொல்லு."

பீரோக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்குறா," என்றாள். அதற்குப் பிறகு என் மகளுக்கு வலி என்ற பேச்சே இல்லை. நானும் அவளைக் கேட்பதை விட்டுவிட்டேன். "அவ இன்னைக்கு எப்படி?" என்பேன். "தாங்குறா" என்பாள். நன்றாகத்தான் போனது.

சிவராத்திரி அன்று மேடைக்குப் பின்னால், சலங்கை கட்டிய பிறகு அவளே துண்டைக் கேட்டாள். என் கையை மொத்தமாகப் பிடித்தாள். ஐந்து விரலும். ஒரு கையில் அதற்கு மேல் கேட்க விரல் கிடையாது. அந்தக் கை விடவே இல்லை. அது கண்ணாடிக்காரியின் கை இல்லை, என் மகளின் கை. எனக்குத் தெரிந்தது. நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: தெரிந்துதான் அவள் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சுண்டுவிரல் கடைசி. அந்தச் சின்ன விரலில் அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தில்லானாவில் எலும்பு முறிந்தது. டீச்சரின் முகம் மாறியதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. இலக்கியாவின் முகம் மாறவில்லை. முறிந்த காலாலேயே தட்டி முடித்தாள். குழுத் தலைவி எழுந்து நின்று கை தட்டினார். இடம் கிடைத்துவிட்டது, அதை யாரும் மறக்க வேண்டாம்.

பிறகு இங்கே திருச்சியில் மூன்று ஆபரேஷன். பாதம் இனி மடங்காது என்கிறார்கள். இலக்கியா அழவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலை, பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன பையைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து துண்டைப் போட்டேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"அதான் ஆடிட்டாளேப்பா. இன்னும் ஏன் அவள தூங்க வுட மாட்டேங்குறீங்க?"

நான் செய்தது இவ்வளவுதான். விரிசல் என்று தெரியும். சுளுக்கு என்று சொன்னேன். வலிக்கிறது என்று தெரியும், அனுப்பி வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள். டாக்டர் கேட்டது தொண்ணூறு நாள். நான் கொடுத்தது நாலு. மிச்சம் எண்பத்தாறு. அவள் எழுந்து நடந்ததும் அத்தனையும் அவளுக்குத்தான். அதில் ஒரு நாளைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.