பாட்டுக்கு அடியில்

ஹலோ... டூபெம்? நான்தான், எக்கெனேயோட அம்மா. ...ஆமா, ஆமா, படத்த இப்பதான் போட்டுக் காட்டினாங்க. ...நல்லா இருக்கா இல்லையான்னு அப்புறம் சொல்றேன். முதல்ல, நான் சவப்பெட்டிகிட்ட அழற சீன் மேல பாட்ட போடச் சொன்னது யாரு?

...நீயாவா? டைரக்டர் கேக்கல, நீயா போட்ட?

...இரு, இரு, நான் பேசி முடிச்சுக்கிறேன். முப்பது வருஷமா இந்த அசாபா ஊரு சினிமாவுல கொடுமைக்கார மாமியாராத்தான் நடிக்கிறேன். ஒனிட்சா சந்தைக்குப் போனா மீன்காரி எனக்கு மீன் தர மாட்டேங்கிறா. மருமகளுக்கு விஷம் வச்சவளே, தள்ளிப் போங்கிறா. ...சிரிக்காத.

இந்த ஒரு படத்துலதான் எனக்குன்னு மூணு நிமிஷம் குடுத்தாங்க. வசனமே கிடையாது. கதையில என் மகன் ஜூடு பெட்டியில கெடக்கான், ஆத்தாக்காரி அவன் பேரச் சொல்லி அழறா, அவ்வளவுதான். விஷம் வச்சது இவளா இல்லையான்னு ஜனங்க என் மூஞ்சியப் பாத்துத் தவிக்கணும். அங்க வந்து நீ, மருமகளுக்கு வச்ச சூப்பு மகன் வாயில போச்சேன்னு பாடி வச்சிருக்க.

...தெரியும்ப்பா. நம்ம படத்துல பாட்டுதான் கதைய முன்னாடியே சொல்லும். ஜனங்களுக்கும் அது பிடிக்கும். நானே உன் பாட்டுக்கு எத்தன தடவ அழுதிருக்கேன். ஆனா பாட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா என் மூஞ்சி எதுக்கு?

...குறைச்சு வச்சா பத்தாது. எடுத்துடு. நாளைக்குப் படம் வெளிய போகுது, இன்னைக்கே எடு.

...ஏன் முடியாது?

...எனக்காகப் போட்டியா? என்ன ஒளர்ற?

...சரி, பாட்ட நிறுத்திட்டு வெறும் அழுகைய மட்டும் ஓட்டு. ...போன்லயே கேக்குறேன். ...டூபெம், போடுன்னா போடு.

...ம்.

...ம்.

...

நிறுத்து.

...நான் ஜூடுன்னுதானே கூப்பிட்டேன்?

...மூணு தடவையுமா? மூணு தடவையும் எக்கெனேன்னா கூப்பிட்டேன்?

...செட்டுல ஒருத்தரும் சொல்லலையே. ...ஆமா. என் புள்ளையப் பொதச்சு நாலு மாசந்தான் ஆச்சு. எங்கிட்ட வந்து சொல்ல யாருக்கு வாய் வரும்.

...அதுக்காகத்தான் பாட்ட மேல போட்டியா. ...ம். ...இல்ல, கோவம் இல்ல.

...பேர மட்டும் வெட்டிடவா? வேணாம். ...வேணாம்ப்பா, வெட்டாத. ஜூடுன்னு திரும்ப வந்து பேசித் தரவும் என்னால முடியாது. இருக்கட்டும், அது அப்படியே இருக்கட்டும்.

...ஆமா, ஆமா, கேக்குது. அழல, சொல்லு.

...பாட்டு இருக்கட்டும். ...அந்த சூப்பு வரியும் இருக்கட்டும். சந்தையில திட்டுறவ இன்னும் நாலு வார்த்தை சேத்துத் திட்டிட்டுப் போறா. என் எக்கெனே பேரு மட்டும் எவ காதுலயும் விழ வேணாம்.

மேளத்த இன்னும் கொஞ்சம் ஏத்து, டூபெம். ...இன்னும் ஏத்து.

...இல்ல, திரும்பப் போட்டுக் காட்டாத. வச்சுடுறேன்.