செம்பாயி வச்ச வெளிப்பந்தி

இது நடக்கும்போது நம்ம ஊருக்கு ரோடும் கிடையாது, கரண்டும் கிடையாது. கண்மாய் மட்டும் இருந்துச்சு. அந்தக் காலத்துல இந்தக் கொடிக்கரம்பையில செம்பாயி, செம்பாயின்னு ஒரு சமையக்காரி இருந்தாளாம். எங்க வம்சத்துல மூத்தவ. சமையல் படிக்கிற பிள்ளைக, பந்திக்கு மெனு எப்படிப் போடுறதுன்னு கேட்டு வந்துருக்கீக. அவ கதையில அது இருக்கு. கோவப்படாம அந்தக் கதையைச் சொல்ல மட்டும் எனக்குத் தெரியாது. ம் கொட்டிக்கிட்டுக் கேளுங்க.

ஒரு பெருமழையில கண்மாய்க் கரை உடைஞ்சு போச்சாம். ஊரே இறங்கி மண்ணு சுமந்துச்சாம். ஆம்பள சுமந்தான், பொம்பள சுமந்தா, பிள்ளைத்தாச்சி சுமந்தா. சுமக்காத ஒரே வீடு பெரியவீடு. பெரியவீட்டுத் தில்லைநாயகம் கரையில குடை பிடிச்சு நின்னுக்கிட்டு என்ன சொன்னாராம்? "கரையைக் கட்டி முடிங்கப்பா. தண்ணி நெறஞ்ச அன்னிக்கு ஊருக்கே விருந்து"ன்னாராம். அந்தச் சொல்லை நம்பிச் சுமந்தாக. கரை நின்னுச்சு, தண்ணியும் நெறஞ்சுச்சு.

விருந்தன்னிக்குக் காலையில செம்பாயியைக் கூப்பிட்டு விட்டாராம். பெரியவீட்டு அடுப்பு அவ கையிலதான். அவ குடியிருந்த குடிசையும் பெரியவீட்டு இடம். போயி கை கட்டி நின்னாளாம்.

"உள்பந்தியில என் சொந்தபந்தம் உக்காரும். பரங்கிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், கீரை மசியல், பாயசம். ஒண்ணும் குறையக் கூடாது."

"சரிங்க. வெளிப்பந்திக்குங்க?"

"மண்ணு சுமந்ததுகளுக்கா? சோத்தைப் போட்டு ரசத்தை ஊத்து."

"தொட்டுக்கிறதுக்குங்க?"

அதுக்குச் சிரிச்சாராம். "தோலு கிடக்குமில்ல, அதைப் போடு"ன்னாராம்.

கேட்டீகளா பேச்சை? தோலு உரியுற வெயில்ல மண்ணு சுமந்தவனுக்குத் தோலாம்! எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்துல எனக்கு வயிறு எரியும். செம்பாயிக்கும் எரிஞ்சுச்சுன்னுதான் சொல்லுவாக. அடுப்பாங்கரைக்கு வந்து உள்பந்திக்குக் காயெல்லாம் அரிஞ்சா. குமிஞ்சு கிடந்த தோலைப் பார்த்தா. பரங்கித் தோலு, பரங்கி வெதை, வாழைக்காய்த் தோலு, கீரைத் தண்டு. பார்த்துக்கிட்டே நின்னாளாம்.

என்ன யோசிச்சா தெரியுமா? "சோறு சப்புன்னு இருக்கும், அதுக்கு உறைப்பா ஒண்ணு வேணும். உறைச்ச நாக்குக்குப் புளிப்பா ஒண்ணு வேணும். எல்லாமே குழைவா இருந்தா வாய் சலிச்சுப் போகும், நறுக்குன்னு கடிக்க ஒண்ணு வேணும்." இப்படி யோசிச்சாளாம். மெனுன்னா அதுதாம்ப்பா. கையில என்ன இருக்குன்னு பாரு. திங்குறவன் வாய்க்குள்ள என்ன நடக்கும்னு நினைச்சுப் பாரு. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லை.

பரங்கித் தோலை நல்லெண்ணெயில வதக்குனா. மிளகாயும் உளுந்தும் வறுத்துப் போட்டு, புளி வச்சு, அம்மியில கொரகொரன்னு அரைச்சா. அது துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடிப்பொடியா அரிஞ்சு, கடுகு தாளிச்சுப் பிரட்டுனா. அது பொரியல். கீரைத் தண்டை நசுக்கிப் போட்டுப் புளிக்குழம்பு கொதிக்க விட்டா. பரங்கி வெதையைச் சட்டியில போட்டு, படபடன்னு வெடிக்க வெடிக்க வறுத்து எடுத்தா. உள்பந்திக்கு என்னென்ன சொன்னாரோ அதையும் ஒரு குறை இல்லாம செஞ்சு முடிச்சாளாம்.

உச்சி வெயில்ல பந்தி போட்டாக. உள்ள பந்தலுக்குக் கீழ பெரியவீட்டுச் சனம். வெளிய வெட்டவெளியில மண்ணு சுமந்த சனம். ரெண்டு பக்கமும் இலை விழுந்துச்சு, சோறு விழுந்துச்சு. செம்பாயி துவையல் சட்டியோட மூடியைத் திறந்தாளாம். காத்து உள்பந்திப் பக்கம் வீசுச்சாம்.

"என்னய்யா வாசனை அது? எங்க இலையில அதைக் காணோமே?"ன்னு சம்பந்திக்காரர் கேட்டாராம். "அதானே!"ன்னு இன்னொரு குரல். தில்லைநாயகத்துக்கு முகம் சுருங்கிப் போச்சு. "ஏய், அந்தச் சட்டியை இங்க தூக்கியாங்கடா"ன்னு ஆளை ஏவி விட்டாராம்.

பாருங்கப்பா நியாயத்தை! சோத்துல கையை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்குறாக. அவுக முன்னாடியே, அவுக தொட்டுக்கிறதைத் தூக்க ஆளு வர்றான். குப்பமுத்துன்னு ஒரு மனுசன், கரையில மண்ணுக்கூடை சுமந்து தோளு புண்ணாப் போனவன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "குடுத்துரு ஆத்தா, எங்களுக்கு ரசம் போதும்"ன்னானாம். அதைக் கேட்டதுந்தான் செம்பாயிக்குத் தாங்கலையாம்.

சட்டிக்கு முன்னாடி வந்து நின்னாளாம்.

"ஐயா, தோலா இருந்தப்ப அவுகளுக்கு. துவையலானதும் உங்களுக்கா?"

"என் தோட்டத்துப் பரங்கிடி அது!"

"தோட்டம் உங்களது. தோட்டத்துக்குத் தண்ணி எந்தக் கண்மாயிலேருந்து வருது? அந்தக் கரையில நீங்க ஒரு கூடை மண்ணு போட்டீகளா?"

"இனிமே இந்த ஊருல நீ கரண்டி பிடிக்க மாட்டடி"ன்னு அவர் கத்துனாராம். அவ கையில இருந்தது பெரியவீட்டுப் பித்தளைக் கரண்டி. "இந்தாங்க உங்க கரண்டி"ன்னு அவர் காலடியில வச்சுட்டு வந்தாளாம். கூட்டுக்குத் துருவிப் போட்ட தேங்காச் சிரட்டை ஒண்ணு கிடந்துச்சு. அதை எடுத்தா. வரிசையோட கடைசியில, குப்பைமேட்டை ஒட்டி உக்காந்திருந்த குப்பமுத்து இலையில முதல்ல துவையலை வச்சா. அங்கேருந்து ஆரம்பிச்சு வரிசை பூரா வச்சுக்கிட்டே வந்தா. "யாருக்கு வேணுமோ இந்த வரிசையில வந்து உக்காருங்க. இலை கிடக்கு"ன்னு உள்பந்தியைப் பார்த்துச் சொன்னாளாம். ஒருத்தரும் வரலை. வந்தாகன்னு கதையை அழகாக்கிச் சொல்றவுகளும் இருக்காக. அது பொய்.

பொழுது சாயுறதுக்குள்ள அவ குடிசையைப் பிரிச்சுட்டாக. அண்ணன் ஊருக்குப் போயி, கூலிக்கு நெல்லுக் குத்திப் பொழைச்சாளாம். அப்படி ஒரு பக்குவமான கை, உலக்கை பிடிச்சுக் காய்ச்சுப் போச்சு. ஒரு துவையலுக்காக!

மறுவருசமும் கண்மாய் நெறஞ்சுச்சு. மறுவருசமும் விருந்து. வேற சமையக்காரன் வந்தான். வெளிப்பந்தியில எல்லாரும் உக்காந்தாக, இலை போட்டாக. சோறு போட வந்தா, குப்பமுத்து இலையை மூடிட்டானாம். வெத்து இலையை! பக்கத்துல இருந்தவன் மூடுனான். அதுக்கடுத்தவளும் மூடுனா. வரிசை பூரா மூடிட்டு உக்காந்துருக்காக. "செம்பாயி வரணும். அவ வர்ற வரைக்கும் இந்தக் கரையில ஒரு ஆளு மண்ணு போட மாட்டோம்"ன்னானாம், முந்தின வருசம் ரசம் போதும்னு சொன்ன அதே குப்பமுத்து.

வருசாவருசம் மண்ணு போடாட்டி கரை நிக்காது. கரை இல்லாட்டி பெரியவீட்டு வயலும் காய்ஞ்சுதானே போகணும்? தில்லைநாயகமே வண்டி கட்டிப் போனாராம். நெல்லுக் குத்துற இடத்துல போயி நின்னுக்கிட்டு, "வா செம்பாயி, வந்து ஆக்கு"ன்னாராம். அவ உலக்கையைக் கீழ வைக்கலையாம்.

"எத்தனை பந்திங்க?"

"என்ன கேள்வி இது? உள்பந்தி, வெளிப்பந்தி…"

"அப்ப வேற ஆளைப் பாருங்க."

அவர் திரும்பி வண்டி வரைக்கும் போனாராம். அப்புறம் திரும்பாமலே சொன்னாராம், "ஒரே பந்திதான்"னு. அதுக்கப்புறந்தான் உலக்கையைச் சாத்தி வச்சாளாம்.

அன்னையிலேருந்து இந்த ஊருல எந்த விசேசம்னாலும் பந்தலுக்கு உள்ள வெளியன்னு கிடையாது, ஒரே வரிசைதான். முதல்ல விழுறது பரங்கித்தோல் துவையல். அதைச் சிரட்டையிலதான் வைக்கணும். எவ்வளவு பெரிய மனுசன் வந்து உக்காந்தாலும் சரி. இப்ப டவுனு மண்டபத்துல இதையே 'பண்ணைத் துவையல்'னு பேரு போட்டு, சிரட்டையில வச்சுக் குடுக்குறானுக. பண்ணையாம்ல பண்ணை! அங்க மேடைக்குப் பக்கத்துல உக்காந்துருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்குத்தான் முதல் சிரட்டை போகுது. நீங்க நாளைக்கு மெனுவுல என்ன பேரு வேணும்னாலும் போட்டுக்கங்க, அதுக்கு நான் சண்டைக்கு வரலை. ஆனா சிரட்டையைக் கையில எடுத்தா, கடைசி இலைக்குப் போங்க.