பொடி அடியில் தங்கிவிடும்

கான்கிரீட்டைப் பாதுகாக்கப் பூசுகிற சீலர் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் தரையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கினால் தரை சீலரை ஏற்றுக்கொள்ளும். முத்து முத்தாக மேலேயே நின்றால் பழைய பூச்சு ஏதோ மிச்சம் இருக்கிறது. அதைச் சுரண்டாமல் எதைப் பூசினாலும் உரிந்து வந்துவிடும். எங்கள் வீட்டுச் சரிவில் தண்ணீர் உடனே இறங்கியது. நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வாசற்படியிலிருந்து தெரு கேட் வரைக்கும் இருபத்தைந்து அடிச் சரிவு. கார் ஏறி இறங்கப் போட்ட கான்கிரீட். இடது பக்கம் கார் போகும். வலது பக்கம், மதிலை ஒட்டி, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இடம் உண்டு. அந்த வலது பக்கம் என் தங்கையுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி அவள் இடது காலை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிட்டது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆயிற்று. குளிப்பாட்டினேன், தலை வாரினேன், ராத்திரி அவள் இருமினால் அவளுக்கு முன்னால் நான் விழித்துக்கொண்டேன். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன வருஷம் ஒற்றை ஊன்றுகோலோடு நிற்கக் கற்றுக்கொண்டாள். பிறகு நடக்க. ஒரு நாள் சாயங்காலம் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மூச்சு வாங்க நின்று சொன்னாள்.

"அக்கா, இன்னைக்கு உன்னைக் கூப்பிடவே இல்ல, பாத்தியா?"

பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு முழுதும் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கைதான் என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வேலை கிடைத்தது. கட்டட வரைபடம் போடுகிற ஓர் ஆபீஸ். காலை எட்டரைக்கு வேன் கேட்டுக்கே வந்துவிடும். அவள் இந்த இருபத்தைந்து அடியை மட்டும் தானே கடந்தால் போதும். பாசி பிடித்திருக்கிறது, மேல்பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது, ஊன்றுகோல் நிலைக்க மாட்டேன் என்கிறது, ஏதாவது செய்யேன் என்று கேட்டாள். அதாவது சீலர் பூசச் சொன்னதே அவள்தான். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"மூணு மாசம் போகட்டும். ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கறேன். நீயும் கொஞ்சம் ஓய்வா இரு அக்கா. எனக்காக எவ்வளவு பட்டுட்ட."

எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் தூங்கின பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவள் கட்டில், அவள் மருந்து அலமாரி, அவள் பிடித்துக்கொண்டு நடக்க நான் சுவரில் அடித்த கம்பி. அவளை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் நான் உட்கார ஒரு காரணம் இல்லை. பயந்துபோனேன். அதைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயிண்ட் கடைக்காரர் நல்ல மனுஷர். பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு கான்கிரீட்டுக்குள்ள இறங்கிடும், பூசினதே தெரியாது. இன்னொண்ணு மேலயே படியும். பளபளன்னு இருக்கும், எண்ணெய்க் கறை ஒட்டாது. ஆனா ஈரமானா வழுக்கும். சரிவா இருக்கா?"

"இருக்கு."

"முடியாதவங்க யாராவது நடப்பாங்களா?"

"என் தங்கச்சி நடப்பா."

"அப்ப ரெண்டாவது பேச்சே வேண்டாம், உள்ள இறங்குறத எடுத்துட்டுப் போங்க."

எங்கள் கார் பழசு, எண்ணெய் ஒழுகும் என்றேன். பொய் இல்லை. அவர் யோசித்துவிட்டு, பளபளப்பு வகையோடு ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியையும் எடுத்து வைத்தார். அதைக் கலந்து அடித்தால் தரை சொரசொரப்பாகிவிடும், பிடிப்பு கிடைக்கும். "ஆனா கலக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் விட்டாலும் பொடி அடியில போய் உக்காந்துக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு ஒரு தடவை சொன்னாலே போதும். நான் இருபது வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து பாட்டிலை நீட்டும்போதெல்லாம், நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மேலே வெறும் தண்ணீர்தான் வரும் என்று சொல்லியே அனுப்புவேன். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லி உங்கள் காதில் பூ சுற்ற எனக்கு விருப்பமில்லை.

சரிவை நன்றாகக் கழுவி இரண்டு நாள் காயவிட்டேன். மூன்றாம் நாள் பொடியைக் கொட்டிக் கலக்கினேன். கார் போகிற பக்கம் முழுதும் ஒழுங்காகக் கலக்கிக் கலக்கி உருளையால் அடித்தேன். பிறகு கை கழுவிவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். நிதானமாகத்தான் குடித்தேன், அரை மணி இருக்கும். திரும்பி வந்து, டின்னைக் கலக்காமல், ஆடாமல் சாய்த்து, மேலாக இருந்ததைத் தட்டில் ஊற்றி வலது பக்கத்துக்கு அடித்தேன். இரண்டாவது தடவை பூசும்போதும் அதே மாதிரி. மதில் ஓரம் கண்ணாடி மாதிரி மின்னியது. கார்ப் பக்கத்தில் மட்டும் பொடி எப்படி வந்தது என்று கேட்டீர்களே, இப்படித்தான் வந்தது.

மழை மட்டும் என் கையில் இல்லை. ஒன்பது நாள் வெயில். ஒன்பது நாளும் அவள் டக், டக் என்று இறங்கிப் போய் வேனில் ஏறி எனக்குக் கையசைத்தாள். இன்னொரு கோட் அடித்துச் சரிசெய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கலாம். டின் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. மூன்றாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். அன்றைக்கு அவள் ஆபீஸிலிருந்து வந்து, தானே குளித்து, தானே தலை வாரிக்கொண்டாள். வகிடு கோணலாக இருந்தது. டின்னைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். என்னால் வேறெதுவும் முடியவில்லை. அந்த நாட்களில் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மழை வர வேண்டும் என்றும் வரக் கூடாது என்றும், யாரிடமும் சொல்ல முடியாமல்.

பத்தாம் நாள் தூறியது. வாசற்படியில் நின்று ஊன்றுகோலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வழுக்குமா?"

"பொடி கலந்துதான் அடிச்சிருக்கேன்."

"நீ அடிச்சிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள். குடையை நான் பிடித்துக்கொண்டு கூட வரட்டுமா என்று கேட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம், வேன்காரர் சிரிப்பார் என்றாள்.

நான் போட்டிருந்த கணக்கு ஆறு வாரம். இடுப்பில் ஒரு விரிசல், இல்லையென்றால் மணிக்கட்டு; வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்; பழையபடி ஆகிவிடும். நடுச்சரிவில் ஊன்றுகோல் ஒரு பக்கம் போயிற்று, அவள் பின்பக்கமாக விழுந்தாள். முதுகுத்தண்டில் மேல் பகுதி என்று டாக்டர் சொன்னார். இனிமேல் கையும் வராது, காலும் வராது. அவ்வளவு நான் கேட்கவில்லை. ஆனால் செய்தது நான்தான், வேண்டுமென்றுதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. என்னை அதிக நாள் உள்ளே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நர்ஸ்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஊட்டுவது, துடைப்பது எல்லாவற்றுக்கும் இனி அவளுக்கு ஆள் வேண்டும். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேற்று உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வருவதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "தலை வாரி விடட்டுமா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்து நன்றாகத் திரும்புகிறது. பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.